மாஸ்கோவா, மணாலியா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வயது 53. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் மாத்ரியோஷ்கா பொம்மை, வெங்காயக் குவிமாடம், பாலே எல்லாவற்றையும் மனைவியோடு நேரில் பார்க்க ஆசை. ஏஜென்ட் டெல்லியிலிருந்து 7 நாளைக்கு ஒருவருக்கு 1.65 லட்சம் கேட்கிறார். எஃப்டியில் 4.5 லட்சம் இருக்கிறது, அதில் 1.5 லட்சம் அவசரத்துக்கு. குறையும் 30,000-க்கு பர்சனல் லோன் போடலாமா? அல்லது பேசாமல் மணாலி போய்விடலாமா?

பதில்: அவசரப் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்கிறீர்களே, அதுவே பாதி வேலை. ஆனால் குறைவது 30,000 இல்லை. 3.3 லட்சத்தின் மேல் 5% ஜிஎஸ்டி 16,500. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் 2026 ஏப்ரல் முதல் 2%, ஏறக்குறைய 7,000. (இது திரும்பி வரும் பணம். அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் கழித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ரிட்டர்னில் கேளுங்கள்.) இருவருக்கும் இ-விசா 10,000. திருச்சி–டெல்லி விமானம், மருத்துவக் காப்பீடு 40,000. கைச்செலவுக்கு 800 டாலர் என்றால் 75,000. மொத்தம் 4.78 லட்சம். ஆக, உங்கள் கடன் 1.8 லட்சம்.

14% வட்டியில் 24 மாதத்துக்கு அந்தக் கடனின் தவணை மாதம் 8,640 ரூபாய். வட்டி மட்டும் 27,000-க்கு மேல். அதே 8,640-ஐ 6.5% ஆர்டியில் போட்டால் 20 மாதத்தில் 1.82 லட்சம் சேர்ந்துவிடும். நாலு தவணை மிச்சம். கையில் இருக்கும் 3 லட்சமும் அதற்குள் 30,000-க்கு மேல் வட்டி ஈட்டியிருக்கும். டாலர் ஏறினால் தாங்க அது உதவும். லோன் வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

மணாலியை ஆறுதல் பரிசாகப் போகாதீர்கள். 70,000 செலவானால் ரஷ்யா இன்னும் 8 மாதம் தள்ளும். நிறுவனம் எல்டிஏ (விடுமுறைப் பயணப்படி) தருகிறது, நீங்களும் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும்: உள்நாட்டுப் பயணத்தின் டிக்கெட் செலவுக்கு விலக்கு உண்டு, மாஸ்கோவுக்குக் கிடையாது. அப்படிப் போனால் மணாலிக்கு அருகே நக்கரில் இறங்குங்கள். ரஷ்ய ஓவியர் நிக்கலாய் ரோரிக் 1928 முதல் 1947-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடும் ஓவியக்கூடமும் அங்கேதான்.

ரஷ்யாவுக்கு எந்த மாதம் என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆகஸ்டில் போல்ஷாய் தியேட்டர் விடுமுறையில் இருக்கும். பாலே பார்க்க முடியாமல் திரும்புவீர்கள். குளிர்காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே பீட்டர்ஹோஃப் அரண்மனை நீரூற்றுகள் ஓடாது. செப்டம்பர் பிற்பாதியில் இரண்டும் கிடைக்கும். திங்கட்கிழமை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஏஜென்ட் போட்ட அட்டவணையில் அந்த நாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ட்ரோன் எச்சரிக்கையால் மாஸ்கோ விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்படுவதும் நடக்கிறது. டெல்லியிலிருந்து திருச்சி விமானத்தை அதே நாளில் நெருக்கமாகப் போடாதீர்கள். போர் தொடர்பான இழப்பைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

பணம் எடுத்துப் போவது தனிக் கதை. ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை; ஃபாரெக்ஸ் கார்டும் அப்படித்தான். ‘பாதி ரொக்கம், பாதி கார்டு’ என்று மணி சேஞ்சர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மற்ற நாடுகள் பலவற்றுக்கு 3,000 டாலருக்கு மேல் நோட்டாகத் தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பு ரஷ்யாவுக்கு இல்லவே இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் டாலர் வாங்கினால் வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் கட்ட வேண்டும். நோட்டுகள் கிழிசல், மை, முத்திரை இல்லாமல் புதிதாக இருக்கட்டும். இல்லையென்றால் வங்கியில் திருப்பிவிடுவார்கள், அல்லது குறைத்து மதிப்பிடுவார்கள். விமான நிலையத்தில் வேண்டாம், ஊருக்குள் வங்கியில் பாஸ்போர்ட் காட்டி ரூபிளாக மாற்றுங்கள்.

பொம்மைக்கு அர்பாத் தெருவில் அள்ளிக் கொடுக்காதீர்கள், இஸ்மாயிலவோ சந்தையில் பேரம் பேசலாம். மாத்ரியோஷ்கா பெரும்பாலும் லிண்டன் மரத்தில் கடைவது. இரண்டு பாதியும் இறுக்கமாகப் பொருந்துகிறதா, உள்ளே இருக்கும் குட்டிப் பொம்மைக்கும் முகம் தெளிவாக வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் கடைசி இரண்டும் வெறும் புள்ளியாக இருக்கும். பொன் போல மினுக்கும் ஹக்லமா மரக்கிண்ணத்தில் தங்கம் கிடையாது; உலோகப் பொடியின் மேல் பூசிய வார்னிஷ் சூளையில் பொன்னிறமாவதுதான் அது. ‘தங்கம்’ என்று விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

பழைய சமோவார் (தேநீருக்கு வெந்நீர் வைக்கும் உலோகப் பாத்திரம்), பழைய தேவாலயப் படம் இரண்டையும் தொடவே வேண்டாம். 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை. 50 தாண்டினாலே நிபுணர் சான்று கேட்பார்கள். புதிது வாங்கினால் கடை ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.