எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். நல்ல தூக்கத்துக்காக அரோமாதெரபியாக எப்படிப் பயன்படுத்துவது? எத்தனை சொட்டு விட வேண்டும்?

சொட்டுக் கணக்குக்கு முன்னால் பாட்டிலைத் திருப்பிச் சிறிய எழுத்தில் இருக்கும் தாவரப் பெயரைப் படியுங்கள். 'சிட்ரியோடோரா' என்று இருந்தால் நீங்கள் சொல்லும் எண்ணெய். 'குளோபுலஸ்' என்று இருந்தால் அது நம் நீலகிரித் தைலம். 'கொரிம்பியா சிட்ரியோடோரா' என்று போட்டிருந்தாலும் சரிதான். 1995-இல் தாவரவியலாளர்கள் இந்த மரத்தை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்து பிரித்து அந்தப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். இந்த ஒரு வரியைப் படிக்காததால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு இலஞ்சியில். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் யாராவது ஊர் கேட்டால் 'திருநெல்வேலிப் பக்கம்' என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது. குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். சாரல் தொடங்கியதும் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டு அதைச் சொல்லட்டும். "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்று போன் வரும். "வரலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, மிச்சப் பிசுக்கை என் குளியலறைத் தரையில் விட்டுப் போவார்கள். கொடியில் இடமில்லாமல் ஈரத் துண்டுகள் நாற்காலி முதுகில் தொங்கும். முப்பது பேருக்குத் தோசை சுட்டிருக்கிறேன்; நீயும் ஒரு நாள் அருவிக்கு வா என்று ஒருவர் கூப்பிட்டதில்லை. நான் பேரருவியில் தலை நனைத்து ஏழு வருடம் ஆகிறது. சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடியில் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, சென்னையிலிருந்து வந்தபோது ஒரு டிஃப்பியூசரும் (தண்ணீரில் எண்ணெய் விட்டால் வாசனையை அறை முழுக்கப் பரப்பும் கருவி) இந்த எண்ணெய்ப் பாட்டிலும் கொண்டு வந்தார். "யூகலிப்டஸ்தானே, அம்மாவின் மூச்சுக்கு நல்லது" என்றார். அத்தைக்கு இளைப்பு உண்டு. மதினி ஊருக்குப் போன மறுநாள் சாயங்காலம் சாரல் உள்ளே அடிக்கிறது என்று சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, டிஃப்பியூசரில் பதினைந்து சொட்டு விட்டேன். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற கைதானே, கணக்கு எதற்கு என்ற நினைப்பு. வீடு முழுக்க எலுமிச்சம் பழத்தைக் கீறி வைத்தது போல் மணம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரை மணி நேரத்தில் அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு நெஞ்சில் விசில் சத்தம். சன்னல்களைத் திறந்து, இன்ஹேலரைக் கொடுத்து, அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் டாக்டர் திட்டவில்லை. இளைப்பு இருப்பவர்களுக்கு எந்தக் காட்டமான வாசனையும் ஆகாமல் போகலாம் என்று மட்டும் சொன்னார். மதினிதான் போனில், "நீ அளவு தெரியாமல் ஊற்றியிருப்பாய்" என்றார். அது உண்மை என்பதால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாட்டிலைப் படித்தவள் கல்லூரியில் படிக்கும் என் மகள். "அம்மா, இது நீலகிரித் தைலமே இல்லை" என்றாள். நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். மூக்கு திறந்தது போன்ற குளிர்ச்சி அதனால் வருவது. இந்த எண்ணெயில் சினியோல் மிகக் குறைவு, பெரும்பகுதி சிட்ரோனெல்லால். கொசுவை விரட்ட ஏற்றும் சிட்ரோனெல்லா மெழுகுவத்தியின் வாசனைக்கு இது நெருங்கிய சொந்தம். ஆகவே சளிக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும் பாத்திரத்தில் இதை விடாதீர்கள். நான் விட்டுப் பார்த்தேன். மூக்கு அடைத்தபடியே இருந்தது, கண்தான் எரிந்தது.

அத்தோடு நிறுத்தினேனா? கொசுவுக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு அப்படியே கணுக்காலில் தடவினேன். இரண்டு நாள் சிவந்து தடித்து அரித்தது. கொசுவிரட்டியாகப் பரிந்துரைக்கப்படுவது பாட்டிலில் இருக்கும் இந்த வாசனை எண்ணெய் அல்ல. பி.எம்.டி. என்ற பொருள் அதிகமாக இருக்கும்படி பதப்படுத்தியது அது, வேறு சரக்கு. அதைக்கூட மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

இனி உங்கள் கேள்வி. உங்களுக்குச் சின்ன வீடு, படுக்கையறையில் ஏசி, தொட்டிலில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டில் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். வேறு அறை என்றால், டிஃப்பியூசரில் 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு. சன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். அரை மணி நேரம் ஓடியதும் அணைத்துவிட்டுப் படுங்கள். இரவு முழுக்க ஓட விடாதீர்கள். காலில் தேய்த்துக்கொள்ள ஆசையாக இருந்தால் 30 மில்லி தேங்காயெண்ணெயில் ஆறு சொட்டு, ஏறக்குறைய ஒரு சதவீதம். நல்லெண்ணெயின் மணம் இதை அமுக்கிவிடும். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். எரியும் விளக்கில் விடாதீர்கள், இது தீப்பிடிக்கும். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டிலில் எண்ணெய் வழிந்திருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். என் மர அலமாரியில் அடிப்பாகம் பட்ட இடத்தில் வட்டமாக வார்னிஷ் போய்விட்டது.

"ஆதாரம் எங்கே?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நோய் தீரும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தலைமாட்டில் மல்லிகைச் சரம் வைத்துத் தூங்குபவரிடம் போய் ஆதாரம் கேட்பீர்களா? "சித்தர்கள் சொல்லாததா?" என்று வரப் போகிறவர்களுக்கு: பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரிக்கு அத்தையை எத்தனையோ தடவை அழைத்துப் போனவள் நான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் இந்த மரம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பக்கத்து மரம், நம் பொதிகையில் முளைத்ததல்ல. அரோமாதெரபி என்ற பெயரும் கட்ஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1937-இல் தம் நூலுக்கு வைத்தது.

தூக்கம் வருமா என்றால், எனக்கு வருகிறது. நான் இப்போது டிஃப்பியூசரைத் தொடுவதில்லை. வெட்டிவேர் விசிறியில் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் இரண்டே சொட்டு விட்டு, மொட்டைமாடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் விசிறிக்கொள்வேன். தூக்கம் வாசனையால் வருகிறதா, காற்றால் வருகிறதா, அந்தப் பத்து நிமிடம் யாரும் என்னைக் கூப்பிடாததால் வருகிறதா என்று பிரித்துப் பார்த்ததில்லை. அத்தை கீழே திண்ணையில் இருப்பார், அவர் பக்கம் இது போவதில்லை.

டிஃப்பியூசர் பரணில் கிடக்கிறது. ஆடி வருவதற்குள் இறக்கித் தூசி தட்டி, மதினியின் கண்ணில் படும்படி டிவி பக்கத்தில் வைக்க வேண்டும்.