அறிவு ஒரு கேள்வி, நம்பிக்கை வேறொரு கேள்வி: கேள்வி பதில்

கேள்வி: கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய இயலாது என்னும் அறியொணாக் கொள்கை என்பது ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் இடையே மதில்மேல் பூனையாக இருப்பதுதானே?

பதில்: அன்று. கடவுளை நம்புகிறீர்களா என்பது ஒரு கேள்வி. கடவுள் உண்டா இல்லையா என்பதை மனிதர் அறிய இயலுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடைதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1858இல் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவாற்றிய ஹென்றி மான்செல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, இறைவனின் இயல்பு மனித அறிவுக்குள் அடங்காது என்று வாதிட்டு, ஆகவே திருமறையை நம்பிக்கையால் ஏற்க வேண்டும் என்று முடித்தார். 1869இல் 'அக்னாஸ்டிக்' (அறியொணாக் கொள்கையர்) என்ற பெயரைப் படைத்த ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியோ, அறிவுக்கு எட்டாததை நம்புவதும் தகாது என்றார்.

ஹக்ஸ்லி வசதிக்காக நழுவியவர் என்று எண்ணுவோர் 1860ஐப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயதுகூட நிறையாத நிலையில், செங்காய்ச்சலால் இறந்தான். அடக்கத்தின்போது குருவானவர், இறந்தோர் உயிர்த்தெழவில்லையெனில் 'உண்போம், குடிப்போம், நாளை சாவோம்' என்ற மறைமொழியை வாசித்தார். ஆறுதல் கூறி எழுதிய குருவும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லிக்கு ஹக்ஸ்லி எழுதிய மறுமொழியில் அந்தச் சொற்கள் தம்மை அதிரவைத்ததாகவும், குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூடத் துக்கத்தை அனுபவித்துத் தீர்க்குமே அன்றி உடனே இரை தேடிப் போகாது என்றும் குறிப்பிட்டார். ஆன்மாவின் அழியாமையைத் தாம் மறுக்கவும் இல்லை, உறுதி சொல்லவும் இல்லை என்பதே அக்கடிதத்தில் அவருடைய நிலை. மகனை மீண்டும் காணலாம் என்ற ஆறுதலை வேண்டாமென்று ஒதுக்கியவரைப் பூனை என்பது பொருந்தாது.

கேள்வி: புத்தரும் அறியொணாக் கொள்கையர்தானே?

பதில்: பாலி நூல்களைக் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நாத்திகமும் ஒரு மதம்தானே?

பதில்: அன்று.

கேள்வி: டார்வின் மரணப் படுக்கையில் மனம் திரும்பினார் என்கிறார்களே?

பதில்: அவர் இறந்தது 1882இல், 'லேடி ஹோப்' என்ற மதப் பிரசாரகர் சொன்னதாகக் கதை அச்சேறியது 1915இல், மகள் ஹென்ரியெட்டா அதை 1922இல் மறுத்தார். இதையே கேட்டுள்ள மற்ற மூவருக்கும் விடை இதுதான். ஒருவர் சொல்லாததை அவர்மீது ஏற்றாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் டார்வின் நாத்திகரே, வெளியே சொல்லத் துணிவில்லாமல் நாகரிகமான பெயரை வைத்துக்கொண்டார்.

பதில்: 1881இல் டார்வினின் வீட்டுக்கு வந்த நாத்திகப் பிரசாரகர் எட்வர்டு ஏவ்லிங்கும் இதைத்தான் சொன்னார்: மரியாதை உடுத்திய நாத்திகமே அறியொணாக் கொள்கை என்பது அவர் வாதம். ஏன் இத்தனை ஆவேசம் என்று டார்வின் திருப்பிக் கேட்டதாக ஏவ்லிங்கே எழுதியிருக்கிறார். அதற்கு ஈராண்டுகள் முன்பே, 1879இல், ஜான் ஃபோர்டைசுக்கு எழுதிய கடிதத்தில், மனம் எவ்வளவு ஊசலாடினாலும் கடவுளை மறுக்கும் பொருளில் தாம் ஒருபோதும் நாத்திகராக இருந்ததில்லை என்று டார்வின் சொல்லிவிட்டார். தனிக்கடிதத்தில் யாருக்கு அஞ்ச வேண்டும்?

அவரே மீண்டும்: மனைவி எம்மாவுக்கு! தன்வரலாற்றில் பகுதிகள் வெட்டப்பட்டது தங்களுக்குத் தெரியாதா?

பதில்: தெரியும். 1887இல் குடும்பத்தார் சில பகுதிகளை நீக்கியே வெளியிட்டனர். பேத்தி நோரா பார்லோ 1958இல் முழுமையாகப் பதிப்பித்தார். நம்பாதவர்க்கு நித்திய தண்டனை என்ற போதனையை டார்வின் கடுமையாகச் சாடுவதை அதில் காணலாம். கிறித்தவத்தை அவர் கைவிட்டதற்கு அது சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தணிக்கையற்ற அதே பதிப்பிலும், அனைத்தின் தொடக்கம் பற்றிய புதிர் நம்மால் தீர்க்க இயலாதது, தாம் அக்னாஸ்டிக்காகவே இருக்க வேண்டியிருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறார். இறுதியாகச் சொல்கிறேன்: ஒருவர் சொல்லாததை அவர்மீது ஏற்றாதீர்கள்.

கேள்வி: இந்த விவாதம் அக்காலத்திலேயே தமிழகத்துக்கு வந்ததா?

பதில்: வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1880இல் தேர்வாகியும், கடவுள் பெயரால் எடுக்கும் உறுதிமொழி பற்றிய சிக்கலால் 1886இல்தான் இருக்கையில் அமர முடிந்த நாத்திகர் சார்லஸ் பிராட்லாவின் இயக்கத்தை ஒட்டி, சென்னை இலௌகிக (மதச்சார்பற்ற) சங்கத்தார் 1880களில் 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினர். அதன் கட்டுரைகள் இப்போது தொகுப்பாகக் கிடைக்கின்றன. படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.