கேள்வி நேரம்: வயிற்றில் பிள்ளை, கையில் சப்போரோ டிக்கெட்

கேள்வி: டிசம்பர் 12ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து ஜப்பானின் சப்போரோ போய், 26ஆம் தேதி திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டோம். கிளம்பும் அன்று எனக்கு 26 வாரம் 3 நாள். 28 வாரத்துக்குள் இருப்பதால் மருத்துவர் கடிதம் தேவையில்லை என்கிறார் கணவர். ஏழாம் மாதத்தில் கடல் தாண்டுவதா என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, செந்தூல்

பதில்: மாமியார் பக்கம்தான் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் போகிற நாளை மட்டும் எண்ணியிருக்கிறார். திரும்பும் நாளில் உங்களுக்கு 28 வாரம் 3 நாள் ஆகிவிடும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரம் ஆனதும் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளை என்றால் 35, 36 வாரத்தை ஒட்டி ஏற்றுவதையே நிறுத்திவிடும். இரட்டை என்றால் அதற்கும் முன்பே.

சிக்கல் கடிதத்தின் தேதியில் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய ஏழு அல்லது பத்து நாளுக்குள் எழுதிய கடிதம்தான் செல்லும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. 10ஆம் தேதி இங்கே வாங்கும் கடிதம் 26ஆம் தேதி பழசாகிவிடும். அங்கே முன்பின் தெரியாத மருத்துவரிடம் புதிதாக ஒன்று கேட்டு அலைவது விடுமுறையில் செய்கிற வேலையா? திரும்பும் தேதியை 22ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அன்று 27 வாரம் 6 நாள்தான். மாற்றுக் கட்டணம் வலிக்கும்தான். மாற்றவே முடியாது என்றால், கடிதம் எத்தனை நாள் செல்லும் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எப்படி இருந்தாலும் ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். வயிறு தெரிந்தால் கவுண்டரில் கேட்பார்கள். கடப்பிதழில் உள்ளபடியே பெயர், ஒற்றைக் கரு, போகும் நாளிலும் திரும்பும் நாளிலும் எத்தனை வாரம், பிரசவத் தேதி, சிக்கல் ஏதுமில்லை, பறக்கலாம் என்பவை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் அவசியம்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில்) கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதவிலக்கை வைத்துப் போட்ட பிரசவத் தேதி (ஈடிடி) ஒன்றும், ஸ்கேன் பார்த்துத் திருத்திய தேதி (ஆர்ஈடிடி) ஒன்றும் இருக்கலாம். கடிதத்தில் ஒரு தேதியும் புத்தகத்தில் வேறொரு தேதியும் இருந்தால் கவுண்டரில் நிற்க வேண்டிவரும். திருத்திய தேதி இருந்தால் எல்லா இடத்திலும் அதுவே வரட்டும். அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத்தையும் கவனியுங்கள்; கர்ப்பத்தில் ஆபத்து எவ்வளவு என்பதை அது காட்டும். வெள்ளை, பச்சை என்றால் வழக்கமான பரிசோதனையின்போதே பயணத்தைச் சொல்லிக் கேட்கலாம். மஞ்சள் என்றால் மகப்பேறு நிபுணர் சரி என்ற பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும். சிவப்பு என்றால் பயணப் பேச்சே வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருப்பது, இரத்தப்போக்கு, முன்பு குறைமாதப் பிரசவம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் எல்லாம் கடிதம் கிடைத்தாலும் வீட்டிலேயே இருக்க வேண்டிய காரணங்கள்.

இன்னொன்று பலருக்கும் தவறிப்போகும். சர்க்கரைப் பரிசோதனைக்குரிய 24 முதல் 28 வாரத்துக்குள்தான் உங்கள் பயணமும் விழுகிறது. நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிளம்புமுன், 24, 25 வாரத்திலேயே எம்ஜிடிடி என்கிற அந்தச் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இரவு முழுதும் வெறும் வயிறு, காலையில் ஒரு முறை இரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம். வெறும் வயிற்றில் 5.1 mmol/L, பிறகு 7.8 mmol/L. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை என்று கணக்கு. ஃபுளூ தடுப்பூசி கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். பலன் தர சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் நவம்பர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். அங்கே அது ஃபுளூ காலம்.

கேள்வி: ஜப்பான் போய் வெந்நீர் ஊற்றில் குளிக்காமல் வருவதா? ஐந்து மாதம். கூடாது என்கிறார்கள் சிலர், தடையை நீக்கிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டுமே உண்மை. ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சு 2014இல் ஒன்சென் எனும் வெந்நீர் ஊற்றுக் குளியலைத் தவிர்க்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து கர்ப்பிணிகளை எடுத்துவிட்டது. ஊற்று நீரிலுள்ள தாதுக்கள் கெடுதல் செய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்பதே அதன் பொருள். சூடு அப்படியே இருக்கிறது. தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. உடலின் உள்வெப்பம் 39ஐத் தாண்டக் கூடாது. அதுவும் முதல் மூன்று மாதத்தில் கட்டாயமாக. எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலுக்குக் கீழே ஈரக் கல். எங்களைக் கேட்டால் கால் குளியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சப்போரோவிலிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஜோசன்கேயில் இலவசக் கால் குளியல் தொட்டிகளே உண்டு. முழங்கால் வரை சுடுநீர், மேலே கோட்டு, எதிரே பனி. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: விமானத்திலும் பனியிலும் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். நடைபாதை ஓர இருக்கை, மணிக்கொருமுறை நடை, முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தக் காலுறை. காலுறையைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். மேலே சுருண்டு இறுகினால் அதுவே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இருக்கை வார் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல்.

பனியில் குளிரைவிட வழுக்கல்தான் எதிரி. நம் ஊர் விளையாட்டுக் காலணி பனிக்கட்டியில் பிடிக்காது. காலணியில் மாட்டும் முள் பட்டைகள் சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவில் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுதும் பதிய நடங்கள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நடக்க வேண்டாம். பனிச்சறுக்கு அடுத்த பயணத்துக்கு. ஒரே தடித்த கோட்டுக்குப் பதில் மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுங்கள். உள்ளே ஹீட்டர் கொதிக்கும், கழற்ற வேண்டியிருக்கும்.

சளிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் இங்கிருந்தே கொண்டு போங்கள். அங்கே கடையில் விற்கும் சளி மருந்துகள் பலவற்றில் இபுபுரோஃபென் கலந்திருக்கும். 20 வாரத்துக்கு மேல் அது ஆகாது. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபிட்ரின் பத்து விழுக்காட்டைத் தாண்டிய மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு போகவே கூடாது.

காப்புறுதி வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கர்ப்பச் சிக்கலுக்குப் பணம் தருமா, எத்தனை வாரம் வரை, குறைமாதத்தில் பிறந்தால் குழந்தையின் மருத்துவமனைச் செலவும் சேருமா? மூன்றாவதற்குப் பல பாலிசிகளில் இல்லை என்றே பதில் வரும். செலவில் பெரியதும் அதுதான். ஆம்புலன்சுக்கு ஜப்பானில் 119.