மவனுக்கு வந்தது எந்த லெட்டரு?

கேள்வி: எனக்க மவன் இங்கிலாந்துல இருக்கான். மருமவ அங்க நர்ஸு, அங்கேயே நிரந்தரமா இருக்க பிஆர் கெடச்சாச்சு. பேத்திக்கு 6 வயசு, அவளுக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட்டு. மவன் குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒருத்தர இடிச்சதுல 18 மாசம் ஜெயிலு. இப்ப ஊருக்கு அனுப்ப போறோம்னு லெட்டர் வந்திருக்கு. அப்பீல் பண்ண முடியுமா? திங்கக்கிழம நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்க சொல்லுறாங்க, பங்குச்சாமியார்ட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பவும் சொல்லுறாங்க.
- கருங்கல் பக்கம் ஒரு அம்மா

பதில்: அம்மா, நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புன போட்டோவுல ரெண்டாம் பக்கம் மட்டுந்தான் இருக்கு, அதுலயும் பாதிய யாரோட விரலோ மறைக்குது. எனக்கு வேண்டியது மொத பக்கம், அதுல உள்ள தேதி. ஏன்னா பொதுவா ரெண்டு லெட்டர் வரும். மொதல்ல வர்றது ‘உன்ன நாடு கடத்த போறோம், கூடாதுன்னா காரணம் சொல்லு’ன்னு கேக்கும். அதுக்கு பொண்டாட்டி புள்ள இங்க இருக்கு, குடும்ப வாழ்க்க பாதிக்கும்னு மனித உரிமைய வச்சு பதில் எழுதணும். அத அந்த நாட்டு உள்துறை, அதாவது ஹோம் ஆபீஸ், தள்ளிட்டோம்னு அனுப்புறதுதான் ரெண்டாவது, அப்பீல் அதுக்கு எதிராத்தான். கோர்ட்டுல பாத்துக்கலாம்னு மொத லெட்டருக்கு பதில் போடாம விட்டா அப்புறம் அப்பீல் பண்ண ஒண்ணுமே இருக்காது.

ரெண்டாவது லெட்டர்னா அனுப்புன நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள இந்த அப்பீல கேக்குற ஃபர்ஸ்ட் டியர் ட்ரிப்யூனலுங்கற கோர்ட்டுக்கு அப்பீல் போய் சேரணும், சனி ஞாயிறெல்லாம் சேத்துதான். லேட்டானா காரணம் சொல்லி டைம் கேக்கலாம், குடுக்கறது ஜட்ஜ் கையில. அந்த லெட்டருல 94பி-னு, அதாவது மொதல்ல ஊருக்கு அனுப்பிட்டு அப்புறம் அப்பீல் கேக்குற பிரிவுல, சர்டிஃபை பண்ணிருக்கான்னு மருமவள பாக்க சொல்லுங்க. அதுக்கு உள்ள நாடுங்க லிஸ்டுல 2025 ஆகஸ்டுல இந்தியாவயும் சேத்துட்டாங்க. அப்படி சர்டிஃபை பண்ணிருந்தா பையன் அங்கேருந்து கெளம்புன 28 நாளுக்குள்ள அப்பீல் போட்டுட்டு இங்க இருந்து வீடியோவுல ஆஜராகணும். அந்த சர்டிஃபிகேட்ட எதுக்கணும்னா ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது அந்த முடிவு சட்டப்படி சரியான்னு கேக்குற தனி கேஸு போடணும், அதுவும் ஃப்ளைட் ஏத்துறதுக்கு முன்னாடி.

இனி கேஸு. 12 மாசமோ அதுக்கு மேலயோ தண்டனைன்னா அந்த நாட்டு 2007 எல்லை சட்டப்படி நாடு கடத்தியே ஆகணும், விதிவிலக்குல வந்தாத்தான் தப்பிக்கலாம். தண்டனை 4 வருசத்துக்கு கொறவுங்கறதால உங்க பேத்திதான் மெயின் பாயிண்ட். அப்பன் போனா அந்த புள்ளைக்கு அளவுக்கு மீறின கொடுமையா இருக்கும்னு காட்டணும். புள்ள அழும், ஏங்கும்னு சொன்னா பத்தாது, எந்த புள்ளையும் அழத்தான் செய்யும். மருமவ நைட் டூட்டி போறப்ப யாரு பாத்துக்கிட்டா, ஸ்கூலுக்கு யாரு கொண்டு விட்டா, டூட்டி ஷீட்டு, டீச்சர் லெட்டரு, வைத்தியம் எதும் நடந்தா டாக்டர் லெட்டரு, இதெல்லாம் வேணும். ‘அப்போ எல்லாரும் சேந்து இந்தியா போலாமே’ன்னும் கேப்பாங்க, அதுக்கும் பதில் ரெடியா இருக்கணும்.

சாமியார் லெட்டர்ல எனக்கு ஒரு பயம். அவரு நல்ல மனசுல ‘ஊருல வீடு உண்டு, ரப்பர் தோட்டம் உண்டு, நாங்க பாத்துக்கிடுவோம்’னு எழுதிட்டா அத ஹோம் ஆபீஸ் வக்கீலே எடுத்து வாசிப்பாரு. அதுக்காக வீடு இல்லன்னு எழுத சொல்லல, பொய்யி மட்டும் வேண்டாம். கலெக்டர் மனுவுக்கு ஒரு நாளு பஸ்ஸு காசு செலவாகும், அவ்வளவுதான், அவருக்கு அங்க ஒரு அதிகாரமும் கெடையாது.

ஜெயில்ல ஊருக்கு போக சம்மதம்னா பணம் தாறோம்னு ஒரு ஃபாரம் காட்டுவாங்க, அதுல கையெழுத்து போட்டா அப்பீல கைவிட்ட மாதிரி, வக்கீல கேக்காம போட வேண்டாம்னு சொல்லுங்க. ஸ்டே வாங்கி தாறேன்னு இங்க யாராவது ரெண்டு லட்சம் கேட்டா ஒரு ரூவாயும் குடுக்காதீங்க. அங்க சொலிசிட்டர் மாதிரி தகுதி உள்ள வக்கீலோ, இமிக்ரேஷன் ஆலோசகர்கள பதியுற இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிஞ்ச ஆளோதான் இத பாக்க முடியும், வசதி இல்லன்னா பெயில் ஃபார் இமிக்ரேஷன் டிடெய்னீஸ்னு ஒரு அமைப்பு இலவசமா உதவுறாங்க, மருமவள அங்க கேக்க சொல்லுங்க. மொத பக்கத்த இன்னைக்கே அனுப்புங்கம்மா, விரல் படாம.