ரூம் உண்டு, அட்ரஸ் கிடையாதுன்னா என்ன பண்றது?

கேள்வி: சார், ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கேன். ஒரு ஷேரிங் ஃப்ளாட்ல ரூம் கிடைச்சு குடி வந்து 10 நாள் ஆச்சு. வாடகைய மெயின் டெனன்ட்கிட்டதான் (ஓனர்கிட்ட ஃப்ளாட்ட வாடகைக்கு எடுத்தவர்) குடுக்கறேன். சிட்டி ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும் (அன்மெல்டுங்னு சொல்றாங்க), நான் இங்க குடி வந்தேன்னு லெட்டர் குடுங்கன்னு கேட்டா "தங்கிக்கோ, ஆனா அன்மெல்டுங் மட்டும் கிடையாது"ங்கறார். பதியாததால டாக்ஸ் நம்பர் வராம பார்ட் டைம் வேலை இழுத்துட்டு இருக்கு. வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் 150 யூரோ குடுத்தா வேற ஒரு அட்ரஸ்ல பதிஞ்சு தரேங்கறார். குடுத்துடவா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 150 யூரோ பாக்கெட்லயே இருக்கட்டும். நீங்க குடியிருக்காத வீட்ட அட்ரஸா விக்கறவனுக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு, தப்பா பதிஞ்ச உங்களுக்கு 1,000 யூரோ வரைக்கும். அதோட போச்சான்னா இல்ல, அதே பொய் அட்ரஸ காட்டி ரெசிடென்ஸ் பெர்மிட் வாங்கப் போனா அது கிரிமினல் கேஸ்ல கொண்டு போய் விடும்.

இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். குடி வந்த நாள்லேர்ந்து 2 வாரத்துக்குள்ள பதியணும்ங்கறது சட்டம். கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்ட தேதியோ ஃப்ளைட்ல வந்து இறங்குன தேதியோ கணக்கு இல்ல, பெட்டியோட வீட்டுக்குள்ள போன தேதிதான். உங்களுக்கு இன்னும் 4 நாள்தான் இருக்கு. சிட்டி ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் அதுக்குள்ள கிடைக்கலன்னாலும் இன்னிக்கே புக் பண்ணி அந்த கன்ஃபர்மேஷன் மெயில பத்திரமா வெச்சுக்கோங்க, நான் முயற்சி பண்ணேன்னு காட்ட அதுதான் கையில இருக்கற ஆதாரம்.

அந்த லெட்டருக்கு ஜெர்மன்ல வாய்க்குள்ளயே நுழையாத ஒரு பேரு, வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். ஒரே ஒரு பக்கம்தான். வீடு குடுக்கறவர் பேரு அட்ரஸ், அவர் ஓனர் இல்லன்னா ஓனர் பேரு, நீங்க குடி வந்த தேதி, வீட்டு அட்ரஸ், உங்க பேரு, அவ்ளோதான். "என்கிட்டதான் வாடகை ஒப்பந்தம் இருக்கே"ன்னு நிறைய பேர் அத தூக்கிட்டு போய் திரும்பி வந்துடறாங்க, அது இந்த பேப்பருக்கு பதில் ஆகாது. 2015 நவம்பர் 1லேர்ந்து இந்த லெட்டர் கட்டாயம்.

இத ஓனர்தான் குடுக்கணும்னு இல்ல. உங்களுக்கு ரூம் விட்டது மெயின் டெனன்ட், அதனால சட்டப்படி உங்களுக்கு வீடு குடுத்தவர் அவர்தான். குடுக்கறதும் குடுக்காததும் அவர் இஷ்டம் இல்ல, அவருக்கும் அதே 2 வாரம்தான், குடுக்கலன்னா அவருக்கும் 1,000 யூரோ வரைக்கும் அபராதம் வரலாம். அவர் ஏன் நழுவறார்னு எனக்கு ஒரு சந்தேகம், அனேகமா ஓனருக்கு தெரியாம ரூம உள்வாடகைக்கு விட்டிருப்பார். நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ் இதுதான். ஆனா அது அவருக்கும் ஓனருக்கும் உள்ள பஞ்சாயத்து, உங்க பதிவு அதுக்காக நிக்க வேண்டியதில்ல. ஓனர் உங்கள காலி பண்ண சொல்லலாம்ங்கற ரிஸ்க் இருக்கு, அத மறைக்க மாட்டேன், அதனால வேற ரூமும் ஒரு பக்கம் தேடிட்டே இருங்க.

செய்ய வேண்டியது இதுதான். வாய்ல கேட்டது போதும், இன்னிக்கு ராத்திரியே மெயில் போடுங்க, "நான் இந்த தேதில குடி வந்தேன், இந்த தேதிக்குள்ள லெட்டர் வேணும்"னு ரெண்டே வரி, சண்டை வேண்டாம், ஃபார்மையும் அட்டாச் பண்ணிடுங்க, சிட்டி ஆபீஸ் வெப்சைட்லயே கிடைக்கும். குடுக்கலன்னா தாமதிக்காம சிட்டி ஆபீஸுக்கு நீங்களே எழுதி சொல்லணும், சட்டம் அத உங்க கடமையாவே வெச்சிருக்கு. அவர்கிட்ட கேக்கறதெல்லாம் அதுக்கப்புறம் அவங்க வேலை.

பதிஞ்சதும் அங்கயே ஒரு சான்று குடுப்பாங்க, அதுக்கு காசு இல்ல. (பின்னாடி தனியா ஒரு காப்பி கேட்டு போனா ஃபீஸ் உண்டு, ஊருக்கு ஊர் மாறும்.) நாற்காலிய விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி உங்க பேர எழுத்து எழுத்தா பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டு பாருங்க, நம்ம இனிஷியல், அப்பா பேரு விவகாரம் அங்க இருக்கறவங்களுக்கு புரியாது, எது சர்நேம்னு குழம்பி மாத்தி போட்டுடுவாங்க. மதம் எதுன்னும் கேப்பாங்க, யோசிக்காம கத்தோலிக்கன்னு சொன்னா சம்பளம் வர ஆரம்பிச்சு வருமான வரி பிடிக்கறப்ப சர்ச் வரியும் சேர்த்து பிடிப்பாங்க, அந்த வரில 8 இல்லன்னா 9 சதவீதம்.

அப்புறம் வீட்டுக்கு வந்து லெட்டர் பாக்ஸ்ல மெயின் டெனன்ட் பேருக்கு கீழ உங்க பேரையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க. டாக்ஸ் நம்பர் தபால்லதான் வரும், பேர் இல்லாத பாக்ஸ பாத்தா தபால்காரர் அத திருப்பி அனுப்பிடுவார்.