தானே டிம் ஆகும் ஹெட்லைட்: பழைய அமெரிக்க கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐம்பதுகளின் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் டேஷ்போர்டின் இடது ஓரத்தில் குட்டித் துப்பாக்கி மாதிரி ஒன்று முன்கண்ணாடியைப் பார்த்து நிற்கும். அதன் பெயர் ஆட்ரானிக்-ஐ. எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தானே லோபீமுக்கு மாற்றும் கருவி. வந்த கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

அண்ணா, அந்தக் காலத்தில் சிப் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எதிரே வண்டி வருவது அதற்கு எப்படித் தெரிந்தது?

வெளிச்சத்தை வைத்துத்தான், தம்பி. டேஷ்போர்டில் இருக்கும் அந்தக் கண்ணுக்குள் ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அதன் உள்தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை அடுத்த தகட்டில் மோதி இன்னும் பல எலக்ட்ரான்களைக் கிளப்பும், அவை அதற்கடுத்த தகட்டில் மோதும். இப்படிப் பெருகித்தான் தூரத்து ஹெட்லைட்டின் துளி வெளிச்சம்கூட அளக்கிற அளவுக்கு மின்சாரமாகிறது. அதை வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் இன்னும் பெரிதாக்கி ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இயக்கும். ரிலே பீமை மாற்றும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். நம் வண்டி டிம் ஆனதும் எதிரே வருபவரும் மரியாதைக்கு டிம் செய்வார். உடனே கண்ணில் படும் வெளிச்சம் குறையும். சாதாரணக் கருவி என்றால் "ஆள் போய்விட்டார்" என்று மறுபடி ஹைபீமைப் போட்டுவிடும். ஆட்ரானிக்-ஐ அப்படிச் செய்யாது. ஒருமுறை டிம் ஆனதும் தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். அதனால் எதிர்வண்டியின் லோபீம் வெளிச்சமே அதைப் பிடித்து நிறுத்தப் போதும். வண்டி கடந்து போன பிறகுதான் ஹைபீம் திரும்பும். 1952-ல், வெறும் வால்வுகளை வைத்து இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

எந்தெந்த வண்டிகளில் வந்தது?

1952 மாடல் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் இரண்டிலும் முதலில் வந்தது. பிறகு ப்யூக், பாண்டியாக், செவ்ரலே என்று ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பெயர்களுக்கும் போனது. செய்தது இண்டியானா மாநிலம் ஆண்டர்சனில் இருந்த அதன் கைட் லேம்ப் பிரிவு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு எம்3 துப்பாக்கியைச் செய்து கொடுத்ததும் இவர்கள்தான்.

சார், ஆன்லைனில் கண் மட்டும் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். என் காரில் அழகுக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலை செய்யாத கண்ணை டேஷ்போர்டில் ஒட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முழு செட் என்றால் கண், பானெட்டுக்குக் கீழே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, காலால் மிதித்து பீமை மாற்ற இதற்கென்றே செய்த கால் சுவிட்ச், இவற்றை இணைக்கும் கேபிள் எல்லாம் சேர்ந்ததுதான். சாதாரண டிம்மர் சுவிட்சில் இருப்பதைவிட இந்தக் கால் சுவிட்சில் கூடுதல் முனைகள் இருக்கும். பெரும்பாலும் காணாமல் போவதும் இதுதான். ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது வோல்ட்டேஜைப் பாருங்கள். 1952 வண்டி 6 வோல்ட், 1953 கேடிலாக் 12 வோல்ட். ஒன்றை மற்றதில் மாட்டக் கூடாது.

என் வண்டியில் எப்போதும் லோபீமிலேயே நிற்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் கழற்றுகிறார்கள்.

முதலில் கால் சுவிட்ச். அது ஆட்டோமேட்டிக் நிலையில் இருக்கிறதா? இன்னொரு நிலையில் இருந்தால் லோபீம்தான் எரியும், அது கோளாறு இல்லை. அடுத்து, தெருவிளக்கு இல்லாத இடத்தில் சோதித்தீர்களா? ஊருக்குள் அது லோபீமில் நிற்பதுதான் சரி. வால்வுகள் சூடேறவும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இதெல்லாம் சரியென்றால் எர்த் இணைப்பு, பிளக் முனைகள், ரிலே காண்டாக்ட் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபையர். பழைய வால்வு ரேடியோவைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது பழக்கமான சரக்கு. காகிதக் கண்டென்சர்கள் இத்தனை வருடத்தில் கசிய ஆரம்பித்திருக்கும், அவற்றை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். பேட்டரி 12 வோல்ட்தானே என்று உள்ளே கை வைத்துவிடாதீர்கள். கண்ணுக்குப் போகும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட். ஹெட்லைட் சுவிட்சை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி, கண்டென்சர்களை முறையாக டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் தொட வேண்டும். மேஜையில் வைத்துச் சோதிப்பதானால் இருட்டறையில் செய்யுங்கள். மின்சாரம் ஓடும்போது பலத்த வெளிச்சம் பட்டால் போட்டோமல்டிப்ளையர் குழாய் கெட்டுப்போகும்.

முன்னே போகும் வண்டியின் டெயில் லைட்டுக்கு அது டிம் ஆவதே இல்லையே அண்ணே?

ஆகாது. டெயில் லைட் மங்கல், அந்தக் குழாய்க்கும் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு வண்டியின் பின்னால் நெருங்கும்போது நீங்கள்தான் காலால் டிம் செய்ய வேண்டும்.

இன்றைய எல்இடி ஹெட்லைட் வந்தால் ரொம்ப தூரத்திலேயே டிம் ஆகிவிடுகிறது. கோளாறா?

இல்லை. மஞ்சள் கலந்த பழைய இழை விளக்குகளுக்காக அமைத்த கருவி அது. எல்இடியின் வெள்ளையில் நீலம் அதிகம், வெளிச்சமும் அதிகம். இந்த வகைக் குழாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும். உணர்திறனைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். எதிரே வருபவரின் கண் கூசுவதைவிட நாம் சீக்கிரம் டிம் ஆவது மேல்.

கைட்-மேட்டிக், ட்விலைட் சென்டினல் இரண்டும் இதுவேதானா?

கைட்-மேட்டிக் இதன் வாரிசு. உணர்திறனை ஓட்டுநரே திருகிக் கூட்டிக் குறைக்கலாம். பின்னாட்களில் கண் டேஷ்போர்டிலிருந்து இறங்கி முன்கிரில்லுக்குப் போய்விட்டது. ட்விலைட் சென்டினல் வேறு வேலை செய்வது. இருட்டினால் விளக்கைத் தானே போடும், வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும் நாம் வீட்டு வாசலை அடையும் வரை கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைக்கும்.

டக்கர் காரின் நடுவிளக்கும் இந்த வகையா?

இல்லை. 1948 டக்கரின் நடுவிளக்கு ஸ்டியரிங்கோடு இணைந்தது. வண்டி திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும். வெளிச்சத்தை உணரும் சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. வண்டிகள் பக்கத்தில் வந்த பிறகுதான் டிம் ஆகிறது.

அப்படியானால் கண்ணின் கோணம். பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், கண் வானத்தைப் பார்க்கும். ஸ்பிரிங்கைச் சரிசெய்து, டயர்களில் காற்று பார்த்து, டிக்கியைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்திய பிறகு கண்ணின் சாய்வைச் சரிசெய்யுங்கள். கண்ணுக்கு நேர் எதிரே முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். வெளிப்பக்கத்தை வைப்பர் பார்த்துக்கொள்ளும். உள்பக்கம் படிந்த புகைப் படலத்தை யாரும் பார்ப்பதில்லை.