புழுப்பாம்பு, மண்ணுளி, அப்புறம் உங்க உப்பு டப்பா

ரெண்டு நாள் மழை பேஞ்சா போதுங்க, என் போன் பூரா பாத்ரூம் டைல்ஸ் மேல ஊர்ற பாம்பு போட்டோ தான் வந்து விழுது. இந்த வாட்டியும் இருவது முப்பது வந்திருச்சு, பாதிக்கு மேல ஒரே கேள்வி, அதனால பொறுக்கி எடுத்து எழுதறேன். போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு தீக்குச்சியோ ஒத்த ரூவா காசோ வெச்சு எடுங்கன்னு எத்தன தடவ சொல்றது, அளவு தெரியாம நான் என்ன ஜோசியமா பாக்கறது?

பல்லடம்: பாத்ரூம் சல்லடை வழியா மண்புழுவாட்ட கருப்பா ஒண்ணு வந்துச்சு. புழுன்னா இத்தன வெசையா ஓடுமா?

ஓடாது. அது புழுப்பாம்பு, குருட்டுப்பாம்புன்னும் சொல்லுவாங்க. ஒடம்புல வளையம் இருக்காது, பளபளன்னு செதிலு இருக்கும், சித்த நேரம் உத்துப் பாத்தீங்கன்னா நாக்க நீட்டும், மண்புழுவுக்கு ஏதுங்க நாக்கு. நீளம் அஞ்சாறு இஞ்ச். கண்ணு செதிலுக்கு அடியில ரெண்டு கருப்புப் புள்ளியா இருக்கும், வெளிச்சம் எது இருட்டு எதுன்னு தெரியும், அவ்வளவு தான். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள ரொம்பினா மேல வந்து தானே ஆகணும். ஒரு அட்டைல தள்ளி செடித்தொட்டில விட்டுருங்க. உப்பு போடாதீங்க.

அவிநாசி: தூங்கறப்ப காதுக்குள்ள பூந்துரும்னு எங்க அப்பத்தா சொல்றாங்க, நெசமா?

இல்லைங்க. எறும்பு முட்டையும் கரையான் குஞ்சும் தேடித் திங்கற ஜீவனுக்கு உங்க காதுல என்ன சோலி? ஆனா தரையில படுக்கறவங்க பயப்பட வேண்டியது ஒண்ணு இருக்கு, கட்டுவிரியன். ராத்திரில வரும், கடிச்சா பல நேரம் வலி கூட தெரியாது. கட்டில்ல படுங்க, கொசுவலைய மெத்தைக்கடியில சொருகுங்க.

கோபி: கையில எடுத்தேன், வால்ல கொட்டிருச்சு. விஷமா?

வால் நுனில சின்னதா ஒரு முள்ளு இருக்கு, மண்ணுல ஊனி முன்னால தள்றதுக்கு. அதான் குத்துச்சு, விஷமே கெடையாது. வாயும் மூஞ்சிக்கு அடிப்பக்கம் கடுகாட்ட இருக்கும், உங்கள கடிக்க அதால முடியாது. அது இருக்கட்டும், எதுக்குங்க கையில எடுத்தீங்க? சிறுசா இருக்கறதெல்லாம் புழுப்பாம்பு இல்ல, கட்டுவிரியன் குட்டியும் சுருட்டை விரியன் குட்டியும் சிறுசு தான், அதுகளுக்கு பொறந்த அன்னைக்கே விஷம் உண்டு. கடி வாங்கிட்டா 108, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. மந்திரிக்கறவர் வீட்டுக்கு இல்ல.

தாராபுரம்: நீலக் கலர்ல ஒண்ணு பாத்தேன், புது வகையா?

தோலுரிக்கப் போகுது. அவ்வளவு தான்.

பெருந்துறை: நர்சரில வாங்குன செடித்தொட்டில ஒண்ணு இருந்துச்சு, அடிச்சுட்டோம். ஜோடி தேடி வருமா?

ஜோடியே கெடையாதுங்க. நம்மூர்ல சாதாரணமா பாக்கற இந்த புழுப்பாம்புல ஆம்பளயே இல்ல, எல்லாம் பொம்பள, ஆண் தொணை இல்லாமயே முட்டை போட்டு தன்னாட்டவே குஞ்சு பொரிக்கும். குரோமோசோம் கூட ரெண்டு செட்டு இல்ல, மூணு செட்டு. அதனால தான் ஒத்தப் பாம்பு தொட்டி மண்ணோட கப்பலேறிப் போனாலும் அங்க போய் குடித்தனம் பண்ணிருது, அமெரிக்கா ஆஸ்திரேலியா எல்லாம் போயாச்சு. அடிச்சது தான் வீண் வேல.

காங்கேயம்: தோட்டத்துல பெரிய மண்ணுளிப் பாம்பு கெடச்சிருக்கு. கோடிக்கணக்குல போகுமாமே, யார்கிட்ட பேசறது?

போலீஸ்கிட்ட பேசுங்க, அவங்களே வந்து உங்களக் கூட்டிட்டுப் போவாங்க.

ஏனுங்க, வருசத்துக்கு பத்துப் பேராவது இதையே கேக்கறீங்களே. இரிடியம், ரைஸ் புல்லிங்னு ஏமாந்த வரிசைல இதுவும் ஒண்ணு, கோடி குடுத்து வாங்குன ஆள ஒருத்தரையும் நான் பாத்ததில்ல, அட்வான்ஸ் குடுத்துட்டு தலைல துண்டு போட்டவங்கள பாத்திருக்கேன். அதுக்கு ரெண்டு தலையும் இல்ல, வாலு மொட்டையா இருக்கும், பயந்தா தலைய சுருட்டி மறச்சுட்டு வால காட்டும், அடி வாலோட போகட்டும்னு. இந்த ரெண்டு தல கதை பழசு, புழுப்பாம்பயே விசாகப்பட்டினம் பக்கம் தெலுங்குல ரெண்டு தலப் பாம்புன்னு தான் சொன்னாங்க, 1796ல பாட்ரிக் ரஸ்ஸல் அந்தப் பேரோடயே எழுதி வெச்சிருக்கார். நக்கினா குஷ்டம் வரும்கறதும் பொய், குஷ்டம் பாக்டீரியாவால வர்றது. சில வருசம் முன்னால ஒருத்தர் சாக்குல கட்டிக் கொண்டாந்தார், வாலு நுனிய கம்பி காய வெச்சு சுட்டு கண்ணு மூக்காட்ட பண்ணியிருந்தாங்க, புண்ணு சீழ் புடிச்சு மூணாவது நாள் செத்துப் போச்சு. இன்னும் அந்த நாத்தம் மறக்கல எனக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி புடிக்கறதும் குத்தம், விக்கறதும் குத்தம், வீட்ல வெச்சிருக்கறதும் குத்தம். உங்க கள்ளக்காக் காட்டுல வளை தோண்டற எலிய அது சும்மா புடிச்சுத் தருது. எடுத்த எடத்துலயே பொழுதோட விட்டுருங்க.

வால்பாறை: எஸ்டேட்ல வாலு சரிவா வெட்டுனாப்ல ஒரு பாம்பு. அடிபட்டதா?

இல்ல, கேடயவால் பாம்பு, வாலே அப்படித்தான், சொரசொரன்னு மண்ணு அப்பிட்டிருக்கும். மண்புழு திங்கும், குட்டி போடும். இந்தியத் தீபகற்பம், இலங்கைய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் இந்தக் குடும்பமே இல்ல. காட்டுப் பக்கமா தள்ளி விடுங்க.

சத்தி: எங்க கோழி ஒரு புழுப்பாம்ப முழுங்கிருச்சு. கோழிக்கு ஏதாச்சும் ஆகுமா? முட்டை திங்கலாமா?

கோழிக்கு ஒண்ணும் ஆகாது, முட்டையும் தாராளமா திங்கலாம். கொத்தாம முழுசா முழுங்குச்சா? கிழக்கு திமோர்ல ஒரு தேரையோட பின்பக்கமா ஒரு புழுப்பாம்பு உசுரோட வெளிய வந்தத 2013ல எழுதியிருக்காங்க. கோழி அரைச்சுப் போடும், நீங்க கூட்டுக்கிட்ட உக்காந்து பாத்துட்டிருக்காதீங்க.